ஒரே வாணலியில் ஹாமும் மலைக்காய்களும்

ஐந்து பேர் சாப்பிட 250 கிராம் ஹாம் போதும் என்று சொன்னால் பலரும் நம்பத் தயங்குகிறார்கள். கோழியோ ஆட்டுக்கறியோ ஒரு கிலோ எடுத்துப் பழகியவர்களுக்கு அது கஞ்சத்தனமாகத் தெரிகிறது. ஹாம் வேறு வகை. உப்பும் புகையும் உள்ளே ஊறிப்போன பன்றி இறைச்சி அது. நாலு துண்டுக் கருவாடு ஒரு சட்டிக் குழம்பையே தன் வசமாக்கிவிடுகிறதே, ஹாமும் அந்த இனம்தான். வாணலியில் முக்கால் பங்குக்கு மேல் காய், கால் பங்குக்கும் குறைவாக ஹாம். இந்தக் கணக்குப் பிடிபட்டுவிட்டால் செலவும் குறையும், சுவையும் கூடும். குழந்தைகள் காயை ஒதுக்கும் பிரச்சினையும் பாதி தீர்ந்துவிடும்.

நாங்கள் உதகையில் இருக்கிறோம். மனைவி மருத்துவமனையில் செவிலியர். மாலைப் பணி உள்ள நாள்களில் அவர் வீடு சேர இரவு வெகுநேரமாகிவிடும். அன்றைக்கு அடுப்படி என் பொறுப்பு. மகளும் மகனும் ஏழரை மணிக்கே பசி என்று வந்து நிற்பார்கள். குழம்பு, பொரியல், வறுவல் என்று மூன்றும் செய்துவிடலாம். அதன் பிறகு அந்தப் பாத்திரங்களைக் கழுவ வேண்டுமே! ஜனவரி இரவில் இங்கே குழாயைத் திறந்து பாத்திரம் தேய்த்தவர்களுக்குத் தெரியும், விரல்கள் எப்படி மரத்துப்போகும் என்று. ஒரே வாணலியில் சமைத்து, அந்த வாணலியையே நடுவில் வைத்துப் பரிமாறி, அதை மட்டும் கழுவிக் கவிழ்ப்பது எங்கள் வீட்டுக்கு மிகவும் ஒத்துப்போன முறை.

அம்மா ஆரம்பத்தில் இதை வெள்ளைக்காரர் சாப்பாடு என்றுதான் சொன்னார். அப்படிப் பார்த்தால் எங்கள் மலையில் எதைச் சாப்பிடுவது? கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் இங்கே ஏறி வந்தார். 1820களில் உருளைக்கிழங்கு முதலிய ஐரோப்பியக் காய்களைப் பயிரிடச் செய்தார். இருநூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் காய்கள்தான் இன்றைக்கு இங்குள்ள எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு. அம்மா வைக்கும் சாம்பாரில் கேரட்டும் பீன்சும் இல்லாத நாள் அபூர்வம். வீட்டைச் சுற்றி விளையும் காயைப் பக்குவமாக வேகவைத்துத் தின்பதைவிட நம்மூர்ச் சாப்பாடு வேறு என்ன இருக்க முடியும்?

காய்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தச் சமையலின் வெற்றி தோல்வி அங்கேதான் இருக்கிறது.

உதகைக்கு அருகே கேத்தி பாலாடா பக்கம் போனால் கேரட் கழுவும் இயந்திரங்களைப் பார்க்கலாம். மூட்டை மூட்டையாகக் கொட்டி, தண்ணீர் பீய்ச்சி உருட்டி எடுத்து, பளபளவென்று லாரியில் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உருளும்போது மேல்தோல் உரசிப்போவதால் அந்தக் கேரட் சீக்கிரம் வாடிவிடும். உழவர் சந்தையில் மண்ணோடு கிடைக்கும் கேரட்டைத்தான் நான் தேடி எடுப்பேன். சமைக்கும் அன்று கழுவினால் போதும். தழையோடு கிடைத்தால் வீட்டுக்கு வந்ததும் தழையைத் திருகி எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் கிழங்கின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.

உருளைக்கிழங்கில் இங்குள்ள குளிர் ஒரு வேலை செய்கிறது. 8 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருக்கும் உருளையில் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். அதை வாணலியில் வறுத்தால் உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துவிடும். தின்றால் அசட்டுத் தித்திப்பு. சமவெளியில் உருளையைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள் என்று சொன்னால் போதும். உதகையில் பனிக்காலத்தில் பின்கட்டுத் திண்ணையே குளிர்சாதனப் பெட்டிதான். கூடையை அடுப்படிக்கு உள்ளே, வெளிச்சம் படாத மூலையில் வைப்பது நல்லது. ஏற்கெனவே தித்திப்பு ஏறிவிட்டால் ஒரு வாரம் அடுப்படிச் சூட்டில் கிடக்கட்டும், ஓரளவு மீண்டுவிடும்.

மற்றபடி பருவத்துக்கு என்ன கிடைக்கிறதோ அது. சமவெளிக்காரர்கள் சௌசௌ என்று வாங்கும் மேரக்காய் எங்கள் பக்கம் வேலியோரமெல்லாம் காய்க்கிறது. ஹாமின் உப்பை உறிஞ்சிக்கொண்டு தன் நீரை விடுகிற அருமையான காய் அது. பீன்ஸ், பச்சைப் பட்டாணி, முட்டைகோஸ், நூக்கோல் எல்லாமே சேரும். வெங்காய இனத்தைச் சேர்ந்த லீக்ஸ் கிடைத்தால் பாதி வெங்காயத்துக்குப் பதிலாக அதைப் போடுங்கள், ஹாமுக்கு அவ்வளவு பொருத்தம். பீட்ரூட் மட்டும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும்.

இனி ஹாம். பன்றியின் பின்தொடை இறைச்சியை உப்பில் ஊறவைத்து, பெரும்பாலும் புகையூட்டி, வேகவைத்துக் கொடுப்பது. மெல்லிய தாள்களாகச் சீவி அடைத்த பாக்கெட்டுதான் கடைகளில் எளிதில் கிடைக்கிறது. அது ரொட்டிக்கு இடையில் வைக்கத்தான் லாயக்கு. வாணலியில் போட்டால் சுருண்டு, ஓரம் முறுகி, காணாமல் போய்விடும். குளிரூட்டிய இறைச்சி விற்கும் கோல்டு ஸ்டோரேஜ் கடையில் முழுத் துண்டு இருந்தால், விரல் தடிமனுக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். அதை வீட்டில் அரை அங்குலச் சதுரங்களாக நறுக்கினால் ஒவ்வொரு வாயிலும் ஒரு துண்டு அகப்படும். 250 கிராம் ஐந்து பேருக்குப் போதும் என்று சொன்னதன் சூட்சுமம் இதுதான்.

வாங்கும்போது பாக்கெட்டில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். ஏற்கெனவே சமைத்ததா, சமைக்காததா என்று அதில் இருக்கும். பக்கத்திலேயே வைத்திருக்கும் பேக்கன் என்ற உப்பிட்ட பன்றி இறைச்சிச் சீவல் வேகவைக்காத பச்சை இறைச்சி. அதை நன்றாக வேகவைத்தே தின்ன வேண்டும். பாக்கெட் உப்பியிருந்தாலோ, பிரித்ததும் வழுவழுப்பாகக் கையில் ஒட்டினாலோ, புளித்த வாடை வந்தாலோ யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மலையில் மழைக்காலத்தில் மின்தடை சகஜம். கடைக்காரரின் பெட்டி எத்தனை மணி நேரம் நின்றுபோயிருந்தது என்று நமக்குத் தெரியாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். ஊட்டிக் குளிர்தானே என்று ஹாமை ஜன்னலோரம் வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இரவில் உறைபனி விழுந்தாலும் பகலில் வெயில் ஏறினால் 20 டிகிரி வரை போகிற ஊர் இது. இறைச்சிக்கு வேண்டியது 4 டிகிரி, அதுவும் விடாமல். குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பிரித்த பாக்கெட்டை மூன்று நான்கு நாள்களுக்குள் முடித்துவிடுங்கள்.

முதல்முறை சமைத்தபோது அம்மா ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இது இன்னும் வேகவே இல்லை. பார், உள்ளே சிவப்பாகவே இருக்கிறது" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம் வீட்டுச் சமையலில் இறைச்சி சிவந்திருந்தால் வேகவில்லை என்றுதான் அர்த்தம். ஹாம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் நைட்ரைட் உப்பு இறைச்சியின் நிறமியோடு சேர்ந்து, எவ்வளவு வேகவைத்தாலும் மாறாத ரோஜா நிறத்தைக் கொடுத்துவிடுகிறது. எனவே ஹாமின் பக்குவத்தை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. சமைத்த ஹாம் என்றால் உள்வரை ஆவி பறக்கச் சூடேறினால் போதும்.

அந்த உப்பைப் பற்றிய மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பதப்படுத்திய இறைச்சியை, புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியானவற்றின் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் சேர்த்தது. என் மனைவி இதை நினைவூட்டத் தவறுவதே இல்லை. அதனால் எங்கள் வீட்டில் இது மாதத்துக்கு ஓரிரு முறை செய்கிற சாப்பாடு. மற்ற நாள்களில் இதே காய்களை இதே முறையில் முட்டையோடோ சுண்டலோடோ செய்கிறேன்.

உப்பு அளவும் அப்படித்தான். 100 கிராம் ஹாமில் இரண்டு முதல் மூன்று கிராம் உப்பு இருக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 250 கிராமை ஐந்தாகப் பகிர்ந்தால் தலைக்கு ஒன்றரை கிராமுக்குள் அடங்கும். ஆகவே காய் வதக்கும்போது கை தன் போக்கில் உப்புச் சாடிக்குப் போவதைத் தடுத்தே ஆக வேண்டும். கடைசியில் ருசி பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் ஒரு சிட்டிகை. அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதால், நறுக்கிய ஹாமைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு வடித்துவிடுகிறேன். உப்பு ஓரளவு இறங்கிவிடும். வடித்தபின் துணியில் ஒற்றி ஈரத்தை எடுக்க மறக்காதீர்கள். ஈர ஹாம் சிவக்காது.

சமையலுக்கு வருவோம். ஐந்து பேருக்கு: ஹாம் 250 கிராம், உருளைக்கிழங்கு அரை கிலோ, கேரட் கால் கிலோ, மேரக்காய் ஒன்று, பீன்ஸ் இரண்டு கைப்பிடி, சிறிய முட்டைகோசில் கால் பாகம், பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி, பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு எட்டுப் பல். எங்கள் பக்கத்து மலைப்பூண்டாக இருந்தால் ஐந்து பல்லே போதும், அதன் காரம் அப்படி. கூடவே எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, இடித்த மிளகு, அரை எலுமிச்சம்பழம், இருந்தால் தைம் அல்லது ரோஸ்மேரி என்ற வாசனைத் தழை ஒரு கொத்து. தேங்காய் எண்ணெய் இங்கே பாட்டிலிலேயே உறைந்து நிற்கும். நான் சூரியகாந்தி எண்ணெயும் கொஞ்சம் வெண்ணெயும் சேர்க்கிறேன். வாணலி 30 சென்டிமீட்டர் அகலம், அடி கனம், நன்றாகப் பொருந்தும் மூடி. வார்ப்பிரும்பு இருந்தால் அதைவிட வேறு வேண்டாம்.

உயரத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைவதால், இங்கே அது 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. கோவையிலிருந்து வரும் உறவினர்கள் "உருளை ஏன் இவ்வளவு நேரம் வேகவில்லை?" என்று கேட்பது இதனால்தான். பிரஷர் குக்கர் இல்லாமல் இங்கே குடித்தனம் நடத்துவது கடினம். ஆனால் எண்ணெய்க்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. சூடான எண்ணெயில் வறுபடும் உருளை சமவெளியில் எப்படியோ அப்படியே இங்கும் சிவக்கும். எனவே மலையில் ஒரே வாணலியில் சமைப்பவர்களுக்கு நான் கண்ட வழி இது: முதலில் எண்ணெயில் வறுவல், பிறகு கொஞ்சமே தண்ணீர் தெளித்து மூடி அவியல். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் முக்கால் மணி நேரம் காத்திருந்து கடைசியில் சப்பென்ற கூட்டுதான் கிடைக்கும்.

முதலில் எண்ணெயைக் காயவைத்து ஹாமைப் பரப்புங்கள். மிதமான தீயில் மூன்று நிமிடம். கொழுப்பு ஓரங்கள் கண்ணாடியாகி, வெட்டுமுகம் பொன்னிறம் கண்டதும் ஒரு தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். ஹாமைக் கடைசி வரை வாணலியிலேயே விட்டால் தோல் செருப்பாகிவிடும். அது இருந்த இடத்தில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்டி எறியாதீர்கள். முழுச் சுவையும் அதில்தான்.

அதே எண்ணெயில் உருளை. முக்கால் அங்குலச் சதுரம், தண்ணீரில் அலசித் துடைத்தது. ஒரே அடுக்காகப் பரப்பிவிட்டு ஐந்து நிமிடம் தொடாதீர்கள். இந்த ஐந்து நிமிடத்தில் பொறுமை இழந்து கரண்டியைப் போட்டுக் கிளறுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. கிளறக் கிளற உருளை உடையுமே தவிரச் சிவக்காது. காதால் கவனியுங்கள். போட்டவுடன் சடசடவென்று சத்தம் பெரிதாக இருக்கும், அது ஈரம் போகும் சத்தம். அது அடங்கி, மெல்லிய சீறலாக மாறும்போது ஒரு துண்டைப் புரட்டிப் பாருங்கள். அடி பொன்னிறமாக, வாணலியை விட்டுத் தானாகக் கழன்று வரும். வரவில்லையென்றால் இன்னும் ஒரு நிமிடம்.

புரட்டிய பிறகு வெங்காயம், தட்டிய பூண்டு, கேரட். கேரட்டை உருளையைவிடச் சிறியதாக நறுக்க வேண்டும். அது நிதானமாக வேகும் காய். இரண்டு நிமிடம் வதக்கி, கால் டம்ளர் வெந்நீர் விட்டு, அடியில் ஒட்டியதைக் கரண்டியால் வழித்துக் கரைத்து, தைம் கொத்தைப் போட்டு மூடுங்கள். தண்ணீர் கொதித்தே இருக்க வேண்டும். இந்தக் குளிரில் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் வாணலியின் சூடு முழுவதும் இறங்கிப்போகும். எட்டு முதல் பத்து நிமிடம். அதன்பின் மேரக்காயும், சாய்வாக மெல்லிதாக அரிந்த பீன்சும். மீண்டும் மூடி ஆறு நிமிடம். கடைசியில் கோசும் பட்டாணியும் மூன்று நிமிடம். கோஸ் கடிபடும் பதத்தில் இருக்க வேண்டும். குழைந்த கோசின் வாடைதான் பிள்ளைகளை விரட்டுகிறது.

உருளைக்குள் கத்திமுனை தடையில்லாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் மூடியை எடுத்துவிட்டு, தீயைக் கூட்டி, மிச்ச ஈரத்தை வற்றவிட்டு, ஹாமைத் திருப்பிப் போட்டு ஒரே ஒரு புரட்டு. அடுப்பை அணைத்தபின் மிளகும் எலுமிச்சைச் சாறும்.

எலுமிச்சையோ தக்காளியோ சேர்ப்பதானால் கடைசியில்தான். புளிப்பு பட்டால் காயின் நார் இறுகிக்கொள்ளும், உருளையும் பீன்சும் பிறகு எளிதில் வேகாது. ஏற்கெனவே மெதுவாக வேகும் ஊரில் இது இரட்டைத் தண்டனை. கடுகும் ஹாமும் நல்ல ஜோடி. கால் தேக்கரண்டி கடுகைப் பொடித்துக் குளிர்ந்த நீரில் குழைத்துப் பத்து நிமிடம் வைத்தால் மூக்கில் ஏறும் காரம் வந்துவிடும். அதையும் அடுப்பை அணைத்த பிறகே சேருங்கள், சூட்டில் அந்தக் காரம் பறந்துவிடும். பிள்ளைகளின் பங்கை எடுத்த பிறகு நாங்கள் கலந்துகொள்கிறோம்.

பன்றி இறைச்சி தொடாதவர்கள் சிக்கன் ஹாம் வாங்கலாம். அதில் நீர் அதிகம், கொழுப்புக் குறைவு. ஆரம்பத்தில் வறுத்தால் தண்ணீர் விட்டுச் சுருங்கிவிடும். கடைசி இரண்டு நிமிடம் மட்டும் போடுங்கள். எண்ணெய்க்குச் சுவை ஏற்றும் வேலையை அப்போது பூண்டும் மிளகும் கொஞ்சம் கூடுதலாகச் செய்ய வேண்டும்.

பரிமாறும் முன் தட்டுகளை வெந்நீரில் முக்கித் துடைத்துவிடுவது இங்கே அவசியம். குளிர்ந்த எவர்சில்வர் தட்டில் கொழுப்பு வாய்க்குப் போவதற்குள் வெள்ளையாக உறைந்துவிடும். பிள்ளைகள் ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள். அம்மாவுக்குச் சோறு இல்லாமல் இரவுச் சாப்பாடு இறங்காது. "இதற்கு ஒரு மிளகு ரசம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்" என்று சொன்னது அவர்தான். மதியம் வைத்த சோற்றில் ரசத்தை ஊற்றி, இதைத் தொட்டுக்கொண்டு அவர் சாப்பிட்டபோது நானும் ஒரு கவளம் வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது முற்றிலும் சரி. ரசத்தில் மட்டும் உப்பைக் குறைத்து வையுங்கள்.

மனைவியின் பங்கை வாணலியிலேயே விட்டுவைப்பதில்லை. அவர் வரத் தாமதமாகும் என்று தெரிந்தால், சூடு ஆறியதும் டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவோம். சமைத்த இறைச்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்கக் கூடாது. அவர் வந்ததும் அதே வாணலியில், மூடாமல், ஆவி பறக்கும் வரை புரட்டினால் உருளையின் மொறுமொறுப்பு திரும்பிவிடும். மிஞ்சினால் காலையில் நாலு முட்டையை அடித்து மேலே ஊற்றிச் சிறுதீயில் மூடி வைக்கிறேன். பள்ளி டப்பாவுக்கு அதுவே போய்விடுகிறது. பீன்ஸ் அரிவதை மகள் தன் வேலையாக எடுத்துக்கொண்டுவிட்டாள். மகன் பட்டாணி உரிக்கிறான், பாதியைப் பச்சையாகத் தின்றுவிடுகிறான் என்பதால் இரண்டு கைப்பிடியாகவே வாங்கி வருகிறேன்.